மேல் ஊர் ஒரு மாவட்டம், கீழ் ஊர் ஒரு மாவட்டம்: வாய்க்கால் தண்ணீர்ச் சச்சரவைத் தீர்க்க ஒரு வழிகாட்டி

எங்கள் ஏரி தருமபுரி மாவட்டத்தில் இருக்கிறது. அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பிரிகிறது. ஐப்பசி பிறந்ததும் தண்ணீருக்குக் காத்திருப்போம். தண்ணீரை மறிக்க வழியில் எங்கோ மணல் மூட்டை விழும். எங்கள் பையன்கள் இரவில் போய் மூட்டையைப் பிடுங்குவார்கள். மறுநாள் இரண்டு காவல் நிலையங்களில் இரண்டு புகார்கள் இருக்கும். பாசனதாரர் சங்கச் செயலாளர் என்ற முறையில் பல ஆண்டுகள் இந்தச் சச்சரவோடு கிடந்து, ஒருவழியாக முறை வைத்துத் தண்ணீர் விடும் ஏற்பாட்டுக்கு வந்தோம்.

அதன்பின் இதே சிக்கலோடு வந்த பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லோரும் ஒரே கல்லில் தடுக்கி விழுவதைப் பார்த்தேன். முதல் நாளே மனு எழுதிவிடுகிறார்கள். கீழே உள்ள வரிசையில் மனு ஆறாவது படி. முந்தைய ஐந்தையும் செய்யாமல் கொடுக்கும் மனு, எதிர்த் தரப்பையும் ஒரு மனு கொடுக்க வைப்பதற்கு மட்டுமே உதவும்.

தொடங்கும் முன் கையில் இருக்கவேண்டியவை

நீள நோட்டு ஒன்று, முப்பது மீட்டர் டேப், தேதியும் இடமும் பதியும்படி படம் எடுக்கும் கைப்பேசி, சில பத்து ரூபாய் கோர்ட் கட்டண வில்லைகள். செலவுக்கு ஏக்கர் கணக்கில் வசூல் செய்துகொள்ளுங்கள். ஒருவரே கைக்காசு போட்டால், பின்னர் அவர் சொல்வதுதான் ஊரின் முடிவு என்று ஆகிவிடும்.

இவற்றைவிட முக்கியம், ஊர் சார்பில் யார் பேசுவது என்ற தீர்மானம். சங்கத்திலோ கிராம சபையிலோ பெயர் குறிப்பிட்டு நிறைவேற்றுங்கள். மார்ச் 22, மே 1 ஆகிய இரு நாட்களிலும் கிராம சபை கூடும். பேச்சுக்கு ஏற்ற கோடைக்கு அந்தத் தேதிகள் வாகாக அமைகின்றன. தீர்மானம் இல்லாமல் போனால் மேல் ஊரில் கேட்கும் முதல் கேள்வி, "உங்களைப் பேசச் சொன்னது யார்?" என்பதாகத்தான் இருக்கும்.

குழுவில் இருவர் கட்டாயம் வேண்டும். ஒருவர் கடைமடைக்காரர், அதாவது வாய்க்காலின் கடைசியில் வயல் உள்ளவர், தண்ணீர் வராத வலி அவருக்குத்தான் தெரியும். இன்னொருவர் தெலுங்கோ கன்னடமோ சரளமாகப் பேசுபவர். ஓசூர், சூளகிரிப் பக்கம் பல ஊர்களில் வீட்டு மொழி தமிழ் அல்ல. அவரவர் மொழியில் இரண்டு வார்த்தை பேசியதும் திண்ணையில் பாய் விரிப்பதை நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

1. காகிதத்தில் எல்லையைப் பாருங்கள்

ஏரி யாருடைய பொறுப்பு என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஆயக்கட்டு (ஏரித் தண்ணீர் பாயும் நிலம்) நாற்பது ஹெக்டேர், அதாவது சுமார் நூறு ஏக்கர், அல்லது அதற்கு மேல் இருந்தால் நீர்வளத் துறை. குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியம். எங்கள் வாய்க்காலில் மேல் ஏரி ஒன்றியத்துக்கும் கீழ் ஏரி நீர்வளத் துறைக்கும் உரியவை. இது தெரியாமல் ஓராண்டு தவறான கதவைத் தட்டிக்கொண்டிருந்தோம்.

அடுத்து, வாய்க்கால் கடக்கும் ஒவ்வொரு கிராமத்துக்கும் நில விவரம் அடங்கிய 'அ' பதிவேடு, கிராம வரைபடம், அந்தந்தச் சர்வே எண்ணின் அளவுகள் உள்ள புலப்படம் ஆகியவற்றை வாங்குங்கள். இரு மாவட்டங்களின் தாலுகா அலுவலகங்களிலும் வாங்கவேண்டும். கிராம வரைபடங்களைத் தனித்தனியாகத்தான் வரைந்திருக்கிறார்கள். இரண்டையும் ஒட்டவைத்துப் பார்த்தால்தான் வாய்க்கால் எல்லையில் சரியாகச் சேர்கிறதா என்பது தெரியும். தாளில் வாய்க்காலின் அகலம் எங்கள் பக்கமும் ஏழு மீட்டர், அவர்கள் பக்கமும் ஏழு மீட்டர். நேரில் போனால் மூன்று மீட்டர்கூட இல்லை.

பழைய ஆவணம் தேடுபவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9 அன்று. அதற்கு முந்தைய தாள்களில் இரு கரையும் தருமபுரி மாவட்டம் என்றே இருக்கும். 1965 அக்டோபர் 2க்கு முன்னால் போனால் சேலம் மாவட்டம்.

கிடைக்காதவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் பத்து ரூபாய், பதிலுக்குக் கெடு முப்பது நாள். "ஏன் எங்களுக்குத் தண்ணீர் விடவில்லை?" என்று கேட்டால் பதில் வராது, அலுவலகத்தில் இருக்கும் ஆவணத்தைத்தான் அந்தச் சட்டத்தில் கேட்கமுடியும். ஏரியின் கொள்ளளவு, ஆயக்கட்டுப் பரப்பு, வாய்க்கால் தொடங்கும் இடத்தில் உள்ள தலைமதகு ஷட்டரின் அளவு, கடைசியாகத் தூர்வாரியதன் மதிப்பீட்டு நகல் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

2. தலைமதகிலிருந்து கடைமடை வரை நடங்கள்

தண்ணீர் ஓடும்போது ஒருமுறை, வறண்டிருக்கும்போது ஒருமுறை நடக்கவேண்டும். ஓடும்போது எடுப்பவர் தெரிவார். வறண்டபோது உடைப்பு தெரியும்.

மோட்டார், குழாய், மூட்டை, சரிந்த கரை, அடைபட்ட சிறுபாலம் என்று பார்த்ததையெல்லாம் சர்வே எண்ணோடு நோட்டில் எழுதுங்கள். ஆள் பெயரை எழுதாதீர்கள். இதை வேண்டுமென்றே அழுத்திச் சொல்கிறேன். நோட்டு என்றாவது ஒருநாள் மேல் ஊர்க்காரர் கையில் போய்ச் சேரும். அதில் அவருடைய மச்சான் பெயர் இருந்தால் அன்றோடு பேச்சு முடிந்தது.

3. தண்ணீரை அளங்கள்

எல்லோரும் தாண்டிப்போகும் படி இது. "கொஞ்சம்கூட வரவில்லை" என்று நாம் சொல்வோம். "நிறையத்தான் விட்டோம்" என்று அவர்கள் சொல்வார்கள். இரண்டுக்கும் நடுவே ஓர் எண் வந்து உட்கார்ந்தால்தான் குரல் தணியும்.

வாய்க்கால் நேராக ஓடும் இடத்தில் பத்து மீட்டர் அளந்து இரு முனையிலும் குச்சி நடுங்கள். மேல் குச்சிக்குச் சற்று முன்னால் ஓர் எலுமிச்சம்பழத்தை நடு ஓட்டத்தில் போடுங்கள். முதல் குச்சியிலிருந்து இரண்டாம் குச்சிக்கு வர எத்தனை வினாடி என்று கைப்பேசியில் பாருங்கள். ஐந்து முறை செய்து சராசரி எடுங்கள். தேங்காய் மட்டை வேண்டாம். காற்று அதைத் தள்ளிவிடும். எலுமிச்சை பாதிக்கு மேல் முழுகி மிதப்பதால் தண்ணீரோடு போகும்.

நாங்கள் ஒருநாள் அளந்தபோது இருபது வினாடி. பத்து மீட்டரை இருபதால் வகுத்தால் வினாடிக்கு அரை மீட்டர். மேல்பரப்பு ஓட்டம் அடியில் ஓடுவதைவிட வேகமானது, அதனால் 0.85 ஆல் பெருக்கவேண்டும், 0.425 வந்தது. வாய்க்காலின் அகலம் ஒன்றரை மீட்டர், சராசரி ஆழம் நாற்பது சென்டிமீட்டர், குறுக்குவெட்டுப் பரப்பு 0.6 சதுர மீட்டர். வேகத்தையும் பரப்பையும் பெருக்கினால் 0.255 கன மீட்டர், அதாவது வினாடிக்கு 255 லிட்டர். ஒரு கன அடி 28.3 லிட்டர் என்பதால், வினாடிக்கு ஏறக்குறைய ஒன்பது கன அடி.

ஒன்பது கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் 7,77,600 கன அடி. பத்து மில்லியன் கன அடி பிடிக்கும் ஏரி நிரம்பப் பதின்மூன்று நாள் ஆகும். இந்தப் பதின்மூன்று என்ற எண்தான் பின்னால் எங்கள் பேச்சு முழுவதையும் தாங்கியது.

அதே நாளில் கீழே, எங்கள் ஏரி வாயில் அளந்தோம். ஐந்து கன அடிதான் இருந்தது. நான்கு கன அடியைத் திருடுகிறார்கள் என்று எங்கள் ஆட்கள் துள்ளினார்கள். மறுநாள் எல்லைக் கல் அருகே அளந்தால் ஏழு. மேல் ஊர் எல்லைக்குள் குறைந்தது இரண்டு. மீதி இரண்டு எங்கள் எல்லைக்குள்ளேயே, கரை அரித்துப்போன ஓர் இடத்தில் கசிந்து புதருக்குள் போய்க்கொண்டிருந்தது. இருபது ஆண்டுகளாக அந்தப் புதரைப் பார்த்து "கோடையிலும் பச்சையாக இருக்கிறதே" என்று வியந்திருக்கிறோம். அதனால்தான் சொல்கிறேன், மூன்று இடத்தில் அளங்கள்: தலைமதகு, எல்லை, ஏரி வாய். நம் பக்கத்து ஓட்டையை அடைத்துவிட்டுப் போனால் மேல் ஊர் வாசலில் கால் வைக்கத் துணிவு வரும்.

4. கோடையில் பேசப் போங்கள்

தண்ணீர் ஓடும்போது பேசக்கூடாது. வயலில் நாற்று நிற்கும்போது எவரும் விட்டுக்கொடுக்க மாட்டார். விட்டுக்கொடுக்க நினைத்தாலும் வீட்டில் விடமாட்டார்கள். சித்திரை, வைகாசியில் வாய்க்கால் காய்ந்து கிடக்கும்போது போங்கள்.

முதல் சந்திப்புக்கு நான்கு பேருக்கு மேல் போகவேண்டாம். டிராக்டரில் கூட்டமாகப் போனால் அது பேச்சாக இருக்காது. ஊர்க்கவுண்டர், மந்திரிக்கவுண்டர் என்ற பொறுப்புகள் இன்னும் நடைமுறையில் உள்ள ஊர் என்றால் அவர்களிடம் முதலில் சொல்லிவிட்டு, பிறகு ஊராட்சித் தலைவரைப் பாருங்கள். வரிசை மாறினால் மனம் கோணும்.

"எங்கள் உரிமை" என்று தொடங்காதீர்கள். அவர்களுக்கு எந்த மாதத்தில், எதற்குத் தண்ணீர் தேவை என்று கேளுங்கள். எங்களுக்குக் கிடைத்த பதில் எதிர்பாராதது. அங்கே நெல்லே குறைவு. பெரும்பாலும் மாந்தோப்பும் தக்காளியும் கிணற்றுப் பாசனமும்தான். ஒரு பெரியவர் சொன்னார்: "தம்பி, உங்கள் ஏரி நிரம்பினால் எங்களுக்கு என்ன குறை? வாய்க்காலில் பத்து நாள் தண்ணீர் நின்றால் எங்கள் கிணறு ஊறும். அதற்காகத்தான் மூட்டை போடுகிறோம்."

அவர்களுக்கு வேண்டியது ஊற்று. எங்களுக்கு வேண்டியது ஓட்டம். ஓடும் தண்ணீரும் ஊறத்தான் செய்யும். ஆனால் தேங்கினால்தான் கிணற்றுக்குப் போய்ச்சேரும் என்பது அவர்களின் அனுபவம். அதை மறுத்து வாதாடாமல், சில நாள் தேக்கம், சில நாள் ஓட்டம் என்ற இடத்துக்கு வந்தோம். முதல் நாளிலேயே முடியவில்லை. நான்கு முறை போனோம். இரண்டாம் முறை தேநீர்கூடக் கிடைக்கவில்லை.

5. நாள் கணக்கில் எழுதுங்கள்

அடிக் கணக்கிலும் கன அடிக் கணக்கிலும் ஒப்பந்தம் எழுதினால், அளக்கத் தெரிந்தவர் இல்லாத நாளில் அது உடையும். நாள் என்பதை எவரும் எண்ணலாம். எங்கள் முறை: முதல் மூன்று நாள் மேல் ஊர், அடுத்த நான்கு நாள் கீழ் ஊர், மாற்றம் காலை ஆறு மணிக்கு. அளவு எதற்கு என்றால், நாளைப் பங்கிடுவதற்குத்தான்.

தாளில் விடுபடக்கூடாதவை சில. முறை எந்த நாளில் தொடங்குகிறது (தலைமதகு ஷட்டரைத் தூக்கிய மறுநாள் என்று எழுதினோம்), யார் முன்னிலையில் மாற்றுவது, தூர்வாரும் செலவில் யார் பங்கு எவ்வளவு, ஆடு மாடு குடிக்கும் இடம் எங்கே, மீறினால் என்ன. மீறினால் பண அபராதம் என்று எழுதாதீர்கள், எவரும் கட்டமாட்டார்கள். அடுத்த முறையில் ஒரு நாள் குறையும் என்று எழுதினால் கணக்கு தானே தீரும்.

எல்லாவற்றையும்விடக் கவனம் தேவைப்படுவது பற்றாக்குறை ஆண்டுக்கான வரி. நல்ல மழையில் யாரும் சண்டை போடுவதில்லை. காவிரியில் உச்ச நீதிமன்றத்தின் 2018 பிப்ரவரி 16 தீர்ப்பு, கர்நாடகம் தமிழக எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. விடவேண்டும் என்று வரையறுத்தது, மாத வாரியாகவும் கணக்கு உண்டு. அப்படி இருந்தும் மழை பொய்த்த ஆண்டில்தான் சிக்கல் வெடிக்கிறது, ஏனென்றால் பற்றாக்குறையை எப்படிப் பகிர்வது என்பதில்தான் இழுபறி. உங்கள் தாளில் அதைத் தெளிவாகவே எழுதுங்கள். இந்தத் தேதிக்குள் இத்தனை நாள் தண்ணீர் வராவிட்டால், மூன்றுக்கு நான்கு என்பது ஒன்றரைக்கு இரண்டு ஆகும் என்பது போல.

ஷட்டர் அரசின் சொத்து. நாமாகப் பூட்டுப் போடுவதும் சாவி செய்வதும் குற்றம். உதவிப் பொறியாளரிடம் சொல்லி, லஸ்கர் என்ற மதகு ஊழியர் ஷட்டரை இயக்கும்போது இரு ஊரிலிருந்தும் ஒவ்வொருவர் உடனிருக்க ஏற்பாடு செய்யுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொன்னால் பொறியாளர் பின்வாங்குவார்; நகலைப் பெற்றுக்கொண்டதாக முத்திரை வைக்கக் கேட்டால் வைப்பார். அந்த முத்திரை போதும்.

தமிழில் எழுதியதைத் தெலுங்கில் உரக்கப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்கினோம். படிக்காமல் வாங்கிய கையெழுத்து, முதல் வறட்சியில் "எனக்கு அப்படிச் சொல்லவில்லையே" என்று திரும்பி வரும்.

6. மனு: வடிநிலத்திலிருந்து மாவட்டத்துக்கு

பேச்சு முறிந்தால்தான் மனு. இதிலும் ஒரு வரிசை இருக்கிறது.

வருவாய்த் துறையை மாவட்ட எல்லை பிரிக்கிறது. நீர்வளத் துறைக்கு ஆற்று வடிநிலமே, அதாவது ஓர் ஆற்றுக்கு நீர் வடிந்துவரும் நிலப்பரப்பே, எல்லை. தென்பெண்ணை சார்ந்த பாசனத்துக்கு மேல்பெண்ணையாறு வடிநிலக் கோட்டம் என்ற ஒரே செயற்பொறியாளர் அலுவலகம் இரு மாவட்டத்திலும் பணி செய்கிறது. அதனால் முதல் மனு அங்கே போகவேண்டும். இரு பக்கத்தையும் ஒருசேரப் பார்க்கக்கூடிய முதல் அதிகாரி அவர்தான்.

நாங்கள் இதை மாற்றிச் செய்தோம். எங்கள் மாவட்டத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தோம். பல வாரம் கழித்து, "தங்கள் மனு தொடர்புடைய மாவட்டத்துக்கு அனுப்பிவைக்கப்பட்டுள்ளது" என்று ஒரு கடிதம் வந்தது. அந்தப் பக்கம் விசாரித்தால் மனு வந்து சேரவே இல்லை. அதற்குள் பருவம் முடிந்துவிட்டது. இரு ஆட்சியருக்கும் ஒரே நாளில், ஒரே மனுவைக் கொடுத்து, மற்றவருக்கு நகல் போயிருப்பதை அடியில் குறிப்பிடுங்கள். இரண்டிலும் ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

மனு ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. ஒரே கோரிக்கை. அளவு எழுதிய தாள், வரைபட நகல், பேச்சு நடந்த தேதிகள் ஆகியவை இணைப்பு. மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் அதே மனுவின் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். அங்கே பொறியாளரும் வருவாய் அலுவலரும் ஒரே மேசையில் இருப்பதால் ஒருவர் மற்றவர்மீது தள்ளுவது கடினம்.

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு ஒன்று: ஆக்கிரமிப்பையும் பங்கீட்டையும் ஒரே மனுவில் எழுதுவது. ஆக்கிரமிப்பு செய்தவர்கள் மேல் ஊரில் நான்கைந்து பேர்தான். இரண்டையும் சேர்த்தால் ஊர் முழுவதும் அவர்கள் பின்னால் அணிவகுக்கும். முறை ஏற்பாடு ஒரு பருவம் ஓடட்டும். ஏரி ஆக்கிரமிப்புக்கு 2007ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. அதற்குத் தனி மனு, தனி காலம்.

7. அடிதடி வரும் போல் இருந்தால்

கோட்டாட்சியர் நிர்வாக நடுவரும் ஆவார். நிலம் அல்லது நீர் பற்றிய தகராறால் அமைதி கெடும் என்றால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 164, 166ஆம் பிரிவுகளில் அவர் விசாரிக்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 145, 147 என்றால் பலருக்குப் புரியும். தடை எங்கே நடக்கிறதோ அந்தக் கோட்டத்தின் அதிகாரியிடம் போகவேண்டும். எங்கள் ஏரி தருமபுரியில் இருந்தாலும் மூட்டை விழுவது கிருஷ்ணகிரிப் பக்கம்.

166இல் ஒரு நுணுக்கம் உண்டு. பருவத்துக்கு மட்டும் பயன்படும் உரிமை என்றால், கடைசிப் பருவத்தில் அதைப் பயன்படுத்தியதைக் காட்டவேண்டும். சென்ற ஐப்பசியில் தண்ணீர் வந்ததற்கு எழுத்து எங்கே என்று கேட்பார்கள். மூன்றாம் படியில் எழுதிய நோட்டு அங்கேதான் கைகொடுக்கும்.

8. நீதிமன்றம்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், வழக்கறிஞர் வேலையை நான் செய்யமுடியாது. அரசுமீது உரிமையியல் வழக்கு என்றால் இரண்டு மாத முன்னறிவிப்பு தேவை. ஆடியில் யோசித்தால் ஐப்பசிக்குத்தான் வழக்கு. இருபது ஆண்டு தடையில்லாமல் பயன்படுத்திய வழியுரிமையைக் கோரலாம். அரசு நிலம் என்றால் முப்பது ஆண்டு. வழக்குச் சொத்து இரு நீதிமன்ற எல்லையில் கிடந்தால் ஏதேனும் ஒன்றில் தொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. உயர் நீதிமன்றத்துக்கு ரிட் மனுவோடு போகிறவர்களிடம், அதிகாரிக்கு மனு கொடுத்தும் நடக்கவில்லை என்பதற்கான ஒப்புகைச் சீட்டைத்தான் முதலில் கேட்பார்கள்.

இரு ஊரும் ஓரளவு இணங்கியிருந்தால் லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) நல்லது. அங்கே எழுதும் சமரசம் நீதிமன்றத் தீர்ப்பாகவே கருதப்படும், மேல்முறையீடு கிடையாது.

9. தண்ணீர் மாநில எல்லைக்கு அப்பாலிருந்து வந்தால்

தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து ஓசூர் வழியே நம்மிடம் வருகிறது. அங்கே குறையும் நீருக்கு மேலே சொன்ன எந்தப் படியும் உதவாது. 1956ஆம் ஆண்டு நதிநீர்த் தகராறுச் சட்டப்படி ஒன்றிய அரசிடம் முறையிடும் தகுதி மாநில அரசுக்கு மட்டுமே உண்டு. ஊராட்சியோ சங்கமோ முறையிடமுடியாது. தீர்ப்பாயத்துக்குப் போகவேண்டிய தகராறைப் பிற நீதிமன்றங்கள் விசாரிப்பதையும் அந்தச் சட்டமே தடுக்கிறது. தென்பெண்ணையின் துணையாறான மார்க்கண்டேய நதியின் குறுக்கே கர்நாடகம் கட்டிய யார்கோல் அணை தொடர்பாகத் தமிழகம் 2018இல் உச்ச நீதிமன்றம் போனது. 2019 நவம்பர் 14 அன்று இடைக்கால மனு தள்ளுபடியாகி, தீர்ப்பாயத்தை நாடும் வழி காட்டப்பட்டது. மாநிலத்துக்கே அந்தப் பாதை என்றால், நம் சங்கம் வழக்குக்கு வசூல் செய்வது வீண்.

நாம் செய்யக்கூடியது பதிவு. ஓசூர் அருகே தென்பெண்ணையில் உள்ள கெலவரப்பள்ளி அணைக்குக் கீழே உள்ளவர்கள் எந்தத் தேதியில் ஓட்டம் நின்றது, எந்தத் தேதியில் வந்தது என்று எழுதி நீர்வளத் துறைக்கு அனுப்பிவைக்கலாம்; வாதிடும் அரசுக்கு அது பயன்படும்.

அளவுச் சிக்கலும் தரச் சிக்கலும் வேறு வேறு என்பதையும் இங்கே பிரித்துக்கொள்ளுங்கள். கெலவரப்பள்ளியில் நுரை பொங்கி வருவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கழிவுக்கு மாநில அரசு முன்வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பாதிக்கப்பட்ட விவசாயி நேரடியாகச் சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வுக்குப் போகலாம். பொதுவாக, பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போகவேண்டும். தக்க காரணம் காட்டினால் அறுபது நாள் கூடுதலாகக் கிடைக்கலாம். ஆகவே நுரை வந்த அன்றே தேதியோடு படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து, சீட்டு வாங்கி வையுங்கள்.